வருகைப் பதிவு

பதினொன்றே கால். வகுப்பில் ஒருவரும் இல்லை.

ஒன்பது ஓவிய ஸ்டாண்டுகளிலும் ஆசிரியை காலையில் மாட்டிய வெள்ளைத் தாள் அப்படியே இருந்தது.

மேசைமேல் கணினி. திரையில் ஒன்பது மாணவர்களின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு கட்டங்கள். வந்தார். வரவில்லை.

பன்னிரண்டு மணிக்குள் பதிந்துவிட வேண்டும். பன்னிரண்டு அடித்ததும், வராதவர் வீட்டுக்குக் கணினியே குறுஞ்செய்தி அனுப்பிவிடும். பிள்ளையின் பெயர், தேதி, பாடத்தின் பெயர்.

அந்தப் பாடத்தின் பெயர்தான் வினை.

‘பால்புதுமையினர் கலை.’

ஆணை நேசித்த ஆண்களும், பெண்ணை நேசித்த பெண்களும், இரண்டிலும் அடங்காதவர்களும் வரைந்த படங்களைப் பற்றிய பாடம். அதைக் கொண்டுவர அவளுக்குப் பதினோரு வருடம் பிடித்தது. ‘உருவமும் சமூகமும்’ என்று ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே எதை வேண்டுமானாலும் நடத்துங்கள் என்று துறைத்தலைவர் கெஞ்சிப் பார்த்தார். அவள் ஒற்றைக் காலில் நின்றாள். ஐம்பது வயதுவரை தன்னைப் பற்றித் தன் வீட்டில் சொல்ல முடியாத சொல், பாடத்திட்டத்திலாவது அச்சாகட்டும் என்றிருந்தது.

ஜூனில் அச்சானது. ஆசிரியர் அறை முழுக்க மைசூர்பாகு கொடுத்தாள். என்ன பெருமை அன்றைக்கு!

போன செவ்வாய்க்கிழமை லிங்கதுரைக்குக் காய்ச்சல். விடுதியில் படுத்திருந்தான்.

இருபத்தாறு வருடத்தில் வராத பிள்ளைக்கு வந்ததாகப் போட்டவள் இல்லை அவள். அதில் கொஞ்சம் திமிர்கூட உண்டு. ‘வரவில்லை’யைத் தட்டினாள்.

திசையன்விளையில் அவன் அப்பாவுக்குச் செய்தி போனது. அவருக்கு அந்தச் சொல் புரியவில்லை. சென்னையில் இருக்கும் தங்கை மகனிடம் போனில் கேட்டார். அவன் விளக்கமாகவே சொல்லிவிட்டான்.

வியாழக்கிழமை வேன் வந்தது. பெட்டி படுக்கையெல்லாம் ஏற்றியாயிற்று. அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது லிங்கதுரை பின்சீட்டில் இருந்தான். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. அவன் நிமிரவேயில்லை.

அப்பா நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. கையெடுத்துக் கும்பிட்டார்.

“படம் வரையத்தான டீச்சர் அனுப்புனோம்.”

அது நேற்று.

இன்று காலையில் மற்ற எட்டுப் பேரும் அலுவலகத்துக்குப் போய், வேறு பாடத்துக்கு மாற்றித் தரச் சொல்லியிருக்கிறார்கள். மாற்றும் தேதி முடிந்துவிட்டதாம்.

பதினொன்றரைக்கு சந்தனமாரி வந்து வாசலில் நின்றாள். முதல் நாளே முன்வரிசையில் வந்து உட்கார்ந்தவள்.

“உள்ள வாம்மா.”

“வேணாம் மேடம். யாராச்சும் பாத்துருவாங்க.” தரையைப் பார்த்தே பேசினாள். “வந்த மாதிரி மட்டும் போட்டுருங்க. எங்க எல்லாருக்கும்.”

செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது.

பொய் வருகை போட்டது தெரிந்தால் வேலை போகும். போகட்டும். ஆனால் இன்றைக்கு ஒருநாளோடு முடிகிற காரியமில்லை இது. வருடம் முழுக்க இந்த அறை இப்படித்தான் கிடக்கும். பதினோரு வருடம் சண்டை போட்டு வாங்கிய வகுப்பு கணினிக்குள் மட்டும் நடக்கும்.

சந்தனமாரிக்கு ‘வந்தார்’ போட்டாள். பிறகு வரிசையாக மற்ற ஏழு பேருக்கும்.

லிங்கதுரையின் பெயர் மிச்சமிருந்தது. மாற்றுச் சான்றிதழ் கொடுக்கும்வரை பட்டியலில் இருந்து எடுக்க மாட்டார்கள்.

அவன் வரவில்லை என்பது உண்மை. அந்த உண்மை பன்னிரண்டு மணிக்கு அதே போனுக்குப் போகும். அவனை அடைத்து வைத்திருக்கும் அதே வீட்டுக்கு.

அவன் பெயருக்கு எதிரே தட்டினாள்.

‘வந்தார்.’

ஒன்பதுக்கு ஒன்பது. முழு வருகைக்கு வாழ்த்துகள் என்றது திரை.