பார்ட் இன்னும் வரலை

“பார்ட் இன்னும் வரலை சார். நாளைக்கு வாங்க.”

பதினேழு நாளாக இதே பல்லவி. தராசுக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மலைக் கடைகளில் எடை மெஷின் ரிப்பேர் பார்ப்பது அவர் தொழில். அதனால்தான் அந்தப் பெயர். ‘பார்ட் வரலை’ என்று சொல்லியே இருபத்தைந்து வருஷம் கடைக்காரர்களைச் சமாளித்தவர். அவர் காதிலேயே பூச்சுற்றப் பார்க்கிறான் இந்த மெக்கானிக்!

மலைப்பாதையில் பதினோராவது வளைவில் ஜல்லி சிதறிக் கிடந்தது. திரும்பும்போது வண்டி வழுக்கி, வண்டி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். பெரிய அடி இல்லை. முழங்காலில் ஆறு தையல், இடது மணிக்கட்டில் சுளுக்கு. “சின்னதோட தப்பிச்சீங்க” என்று டாக்டர் கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

வீடு என்றால் மாடியில் ஒற்றை அறை. மனைவி காலமாகி நாலு வருஷம் ஆகிறது. வெளியூரில் இருக்கும் மகளிடம் அவர் வாயே திறக்கவில்லை. சொன்னால் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவாள். கம்பெனியில் கூட வேலை பார்க்கிறவர்கள் போனில் ஆளுக்கொரு கட்டைவிரல் படம் அனுப்பியதோடு சரி.

ஒரு கையால் சட்டைப் பட்டன் போடப் பத்து நிமிஷம் ஆகும். போட்டு முடித்துப் பார்த்தால் கீழே ஒரு பட்டன் மிச்சம் இருக்கும்.

நாள் முழுக்க அவர் வாய்விட்டுப் பேசுவது இந்த ஒர்க்‌ஷாப்பில் மட்டும்தான். அதுவும் சண்டை.

வந்த மனுஷனைச் சும்மா நிற்கவாவது விடுகிறானா?

“சார், இந்த ஹேண்டில கொஞ்சம் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க.” இது முதல் வாரம்.

“சார், இதுல ஏறி உக்காந்து பிரேக்க அமுக்குங்க. பின்னாடி லைட் எரியுதான்னு பாக்கணும்.” இது தையல் பிரித்த பிறகு.

போதாததற்கு, “பட்டன மாத்திப் போட்டிருக்கீங்க சார்” என்று கிரீஸ் கையாலேயே கழற்றிப் போட்டுவிடுவான். அந்த வகையில் மூன்று சட்டை பாழ்.

டாக்டர் கைக்கட்டை எடுத்து மூன்று நாள்தான் ஆகிறது. இன்றைக்கு இன்னும் ஒருபடி மேலே போய்விட்டான்.

“வந்ததுதான் வந்தீங்க, இந்த வண்டிய தெருமுனை வரைக்கும் ஓட்டித் திருப்பிட்டு வாங்க. சத்தம் எங்கருந்து வருதுன்னு நான் இங்க நின்னு கேக்கறேன்.”

அடிபட்டவனிடம் ஓசியில் வேலை வாங்க ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். முணுமுணுத்துக்கொண்டே திருப்பினார்.

அவர் வந்து சேரும்போது மெக்கானிக் பின்பக்கம் கை கழுவப் போயிருந்தான். வண்டியை ஓரம் கட்டியபோது, மூலையில் எதையோ மூடியிருந்த தார்ப்பாய் ஹேண்டிலில் மாட்டிச் சரிந்து விழுந்தது.

உள்ளே அவர் வண்டி.

நிமிர்ந்த ஹேண்டில், புதுக் கண்ணாடி, துடைத்துவைத்த டேங்க். சாவியில் ஓர் அட்டை தொங்கியது. ‘வேலை முடிந்தது’ என்று எழுதி, கீழே தேதி. அவர் விழுந்த நாலாம் நாள்!

“யோவ்! வா இங்க! என்னய்யா இது? ரெண்டு வாரத்துக்கு மேல ரெடியா வச்சுக்கிட்டு, தினமும் என்னை நொண்ட விட்டியா? என் பொழப்பையும் கெடுத்து, என்னையே எடுபிடியாவும் வச்சுக்கிட்டியா?”

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

“நாலாம் நாளே, கைக்கட்ட அவுத்துட்டாவது ஓட்டிட்டுப் போறேன்னு நீங்க வந்தப்ப சாவியக் குடுக்கத்தான் சார் எடுத்தேன். அதுக்குள்ள நீங்க பக்கத்துல நின்ன வண்டிமேல கைய வச்சீங்க. அடிபடாத வலது கை. அது அந்த நடுங்கு நடுங்குச்சு.”

தராசுக்காரர் வலது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். அது அவருக்குத் தெரியாததல்ல. யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்திருந்தார்.

“போன வருஷம் ஒருத்தருக்கு இப்படித்தான் நடுங்குச்சு. பாத்துட்டும் வண்டியக் குடுத்தனுப்பிட்டேன். அதே மலை ரோடு...” அவன் துடைத்த கையையே மறுபடி துடைத்தான். “பயமா இருக்கான்னு கேட்டா இல்லன்னுதான சொல்வீங்க? அதான் பழியத் தூக்கிப் பார்ட் மேல போட்டேன்.”

“அப்போ இந்த வண்டில சத்தம்?”

“ஒரு சத்தமும் இல்ல சார். திரும்பறப்ப உங்க கை நடுங்குதான்னு பாத்தேன். நடுங்கல.” சாவியை நீட்டினான். “நாளைக்கு நீங்க மலைக்குப் போலாம்.”

சாவியை வாங்கிக்கொண்டார். சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் நாளையிலிருந்து இங்கே வர ஒரு காரணமும் இல்லை. சண்டை போடக்கூட ஆள் இல்லை.

வண்டியைக் கிளப்பித் தெருமுனை வரை போனார். திரும்பி வந்துவிட்டார்.

“என்ன சார்?”

“பிரேக்ல ஏதோ சத்தம் வருது தம்பி” என்றார், அவன் முகத்தைப் பார்க்காமல். “நாளைக்கு வேலை முடிச்சு வர்றப்ப கொண்டாந்து காட்டட்டுமா?”

மெக்கானிக் குனிந்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டான். சக்கரம் சத்தமே இல்லாமல் சுற்றியது.

“ஆமா சார், பெரிய சத்தமாத்தான் இருக்கு” என்றான். “இதுக்கும் பார்ட் வரணும். தினமும் வந்து கேட்டுப் பாருங்க.”