மீசான் கல்

பீர்க்கன்கரணை தாண்டியிருக்கும் அந்த இஸ்லாமிய நினைவு வளாகத்தின் அருங்காட்சியகத்தில் எந்தப் பலகையிலும் எழுதப்படாத விதி ஒன்று உண்டு. காட்டப்படும் பொருளைப் பற்றி எதையும் கேட்கலாம். காட்டுகிறவரைப் பற்றி எதையும் கேட்கக் கூடாது. இரண்டு வருடங்களில் ஸ்ரீநிவாசராகவன் அதை ஒருமுறைகூட மீறியதில்லை.

“இன்னா சார், சிட்லபாக்கத்துலேர்ந்து மாசாமாசம் வந்துகினு கீறீங்க. பரீட்சை எதுனா எழுதப் போறீங்களா?” என்றான் டிக்கெட் கொடுக்கும் உதயா. “மேடத்துக்கும் சேர்த்து ரெண்டுதானே?”

“ஒண்ணு போதும்ப்பா.”

மனைவி லோகநாயகியின் பதின்மூன்றாம் நாள் காரியம் நேற்றுத்தான் முடிந்திருந்தது. மாதந்தோறும் தம்முடன் வந்தவள் இனி வரமாட்டாள் என்பதை வழிகாட்டிப் பெண்ணிடம் சொல்லிவிட வேண்டும். அந்த வாக்கியத்தை வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்திருந்தார்.

முக்காடிட்ட அந்தப் பெண்ணின் பெயர் அட்டையில் ‘ரஷீதா’ என்றிருந்தது. பார்வையாளர்களுக்கு இருக்கை தரும் வழக்கம் அங்கே இல்லை. ஆனாலும் லோகநாயகியின் முழங்கால் வலிக்காக, மூன்றாவது கண்ணாடிப் பேழையருகே அவள் எப்போதும் ஒரு முக்காலி போட்டுவைப்பாள்.

இன்றும் போட்டிருந்தாள். அவருக்குப் பின்னாலிருந்த வாசலை இரண்டு முறை எட்டிப் பார்த்தாள்.

“வாங்க சார். கையெழுத்துப் பிரதிகள்லேர்ந்து ஆரம்பிக்கலாமா?”

அவர் தலையசைத்து மறுத்து, மூலையில் நின்ற கருங்கல்லைக் காட்டினார். “இது யாருக்கு வெச்ச கல்?”

“இதுக்கு மீசான் கல்னு பேரு சார். அடக்கம் பண்ணின இடத்துல தலைமாட்டுல நடுறது. ஒரு வியாபாரி தன் மனைவிக்கு வெச்சது.”

“அவருக்குப் பொண்ணு இருந்துதா?”

“கல்லுல அதெல்லாம் எழுதல சார்.”

“இருந்திருந்தா…” அவர் கல்லைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை. “அந்தப் பொண்ணுக்குச் சொல்லியனுப்பாமலே அந்த மனுஷன் எல்லாத்தையும் முடிச்சிருந்தா?”

அவர் திரும்பியபோது அவள் காலி முக்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, மற்ற பார்வையாளர்கள் திரும்பிப் பார்க்க, அதன் விளிம்பைப் பற்றியபடி தரையில் சரிந்து உட்கார்ந்தாள்.

“அம்மா கடைசியில என்னைக் கேட்டாளாப்பா?”