சிவப்பும் நீலமும்

"உலகத்துல மனுஷங்க ரெண்டே வகைதான் தம்பி. சிவப்பு, இல்லன்னா நீலம். நீ எந்த வகைன்னு உன் மூஞ்சியிலயே எழுதியிருக்கு. உக்காரு."

வந்தவன் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றி முடிக்கவில்லை. மகள் விரும்பும் பையன். அவளைக் கட்டிக்கொடுக்கச் சொல்லிக் கேட்க வந்திருந்தான். அப்பா சரி என்று சொன்னால்தான் கல்யாணம் என்று மகள் வாக்குக் கொடுத்திருந்தாள். எந்த நேரத்தில் கொடுத்தாளோ.

அப்பா ஒரு பம்பு கம்பெனியில் சரக்கறை மேனேஜர். போன மாதம் கம்பெனி அவரை மூன்று நாள் ஆளுமைப் பயிற்சி வகுப்புக்கு அனுப்பியது. அன்றைக்கு முளைத்தது தலையில் கொம்பு. வகுப்பில் மிஞ்சிக் கிடந்த அட்டைகளை அள்ளிக்கொண்டு வந்து வீடு முழுக்க ஒட்டினார். அவருடைய நாற்காலி முதுகில் சிவப்பு. சமையலறைக் கதவில் நீலம், அது மனைவிக்கு. மகளின் அலமாரியிலும் நீலம். எதிர்வீட்டு நாய் அதிகம் குரைப்பதில்லை, அதுவும் நீலம்தான் என்றார். ஒட்டத்தான் அது விடவில்லை.

"சிவப்புன்னா தலைவன். பட்டுன்னு யோசிப்பான், பட்டுன்னு முடிவெடுப்பான். நீலம் தலையாட்டி. எதுக்கெடுத்தாலும் தயங்கும், அப்புறம் மூலையில உக்காந்து அழும். எல்லாம் பிறவிக் குணம், மாத்த முடியாது."

"சார், நான் வேலை பாக்குறது..."

"குறுக்க பேசாத. கம்பெனியில அத்தனை பேர் இருக்க, முதலாளி என்னை மட்டும் ஏன் அனுப்பினாரு? அங்க ஆளுக்கு ஒரு சிவப்பு, ஒரு நீலம் குடுத்தாங்க. ஒருத்தர் பேசும்போது மத்தவங்க ரெண்டுல ஒண்ணைத் தூக்கிக் காட்டணும். நான் வாயைத் திறந்தேன் பாரு, அறை முழுக்கச் சிவப்பு."

இந்தக் கதையை மனைவி தினம் ஒரு வேளையாவது கேட்கிறாள். தேநீரை வைத்துவிட்டுச் சும்மா நின்றாள்.

"முதல் நாள் இன்னும் ரெண்டு மூணு பேருக்கும் சிவப்பு வந்துச்சு. மூணாம் நாள் அவங்களும் நீலமாயிட்டாங்க. கடைசி வரைக்கும் நிலைச்சு நின்னது நான் ஒருத்தன்தான்."

"அட்டைக்கு இதுதான் அர்த்தம்னு அவங்க சொன்னாங்களா சார்?" என்று மெல்லக் கேட்டான் பையன்.

"முதல் நாள் ஏதோ விளக்கினாங்க. நான் பக்கத்துல இருந்தவருக்கு நம்ம சரக்கறையைப் பத்திச் சொல்லிட்டிருந்தேன். இதெல்லாம் ஒருத்தர் சொல்லியா தெரியணும்?"

"இல்ல சார், அந்த அட்டை..."

"பாத்தியா, சந்தேகம். சந்தேகப்பட்டாலே நீலம். உன்ன மாதிரி மூஞ்சியை நான் நூறு பாத்திருக்கேன் தம்பி."

கதவோரம் நின்றிருந்த மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. அதையும் அவர் விட்டுவைக்கவில்லை. "அங்க பாரு, நீலம் அழுவுது" என்று விரலை நீட்டினார். பெற்ற மகள் அழுகிறாள் என்பதைவிட, தான் சொன்னது பலித்ததுதான் அந்த மனிதருக்குப் பெரிதாக இருந்தது.

சரக்கறையிலிருந்து போன் வந்தது. பால்கனிக்குப் போய், எதிர்முனையில் இருந்தவருக்கும் மூச்சுவிட இடம் கொடுக்காமல் கத்த ஆரம்பித்தார்.

மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "என்ன வேலைன்னு சொல்ல வந்தீங்களே தம்பி, சொல்லுங்க."

அவன் சொன்னான். அந்த வீட்டில் அவரைத் தவிர வேறொருவர் ஒரு பேச்சை முழுதாகப் பேசி முடித்து எத்தனை காலம் ஆகியிருக்குமோ. மனைவி இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"அப்பாகிட்ட நாலஞ்சு தடவை சொல்ல வந்தேன்மா. முடிக்க விட்டாத்தானே?"

மனைவி எழுந்து, அவருடைய நாற்காலி முதுகில் இருந்த சிவப்பு அட்டையைப் பிய்த்தெடுத்தாள். மகளும் அலமாரியைத் திறந்து, உள்ளே அவர் அடுக்கி வைத்திருந்த மிச்ச அட்டைகளில் சிவப்பாக ஒன்றை உருவிக்கொண்டாள்.

போனை வைத்துவிட்டு உள்ளே வந்தார் மேனேஜர்.

"முடிவு பண்ணிட்டேன். இந்த வீட்டுல ஏற்கெனவே ரெண்டு நீலம். மூணாவதா இன்னொரு நீலத்தை..."

இரண்டு சிவப்பு அட்டைகள் அவர் முகத்துக்கு நேரே எழுந்தன.

அவர் நின்றார். முகம் மலர்ந்தது. "இப்பவாவது ஒத்துக்கிட்டீங்களே. பாத்தியா தம்பி, வீடே சிவப்பு காட்டுது. நான் என்ன சொல்றேன்னா..."

அட்டைகள் இன்னும் உயர்ந்தன. பெருமை தாங்காமல் வாயடைத்துப்போய் உட்கார்ந்தார்.

"கல்யாணத்தை அடுத்த மாசமே வெச்சுக்கலாங்க" என்றாள் மனைவி, கையை இறக்காமலே. "மாப்பிள்ளை அந்த வகுப்பை நடத்துற ஆபீஸ்லதான் வேலை பாக்குறாராம். மூணு நாளும் உங்க கையில அட்டையைக் குடுத்ததே இவர்தானாம். அடுத்தவங்களைப் பேசவிடாதவங்களுக்குன்னே வைக்கிற வகுப்பாம் அது. ஒருத்தரைப் பாத்து சிவப்பைத் தூக்கினா, 'போதும், வாயை மூடுங்க'ன்னு அர்த்தமாம்."