பொங்காத பச்சை

அமிலச் சொட்டு கல்லின் மேல் அப்படியே நின்றது.

பொங்கவில்லை.

அவள் இன்னொரு சொட்டு விட்டாள். மேசைக்கடியில் கால் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

மலாக்கைட் என்றால் இந்நேரம் நுரைத்திருக்கும். அது செம்புக் கார்பனேட். அமிலம் பட்டால் சும்மா இருக்காது.

இது சும்மா இருந்தது.

"ஆசிட் பழசா இருக்கும்" என்றார் கோதண்டபாணி, நிமிராமல்.

அமிலத்தைக் காலையில் கலந்ததே அவள்தான்.

நிலவியல் துறைத்தலைவர் அவர். அவளுடைய ஆய்வுக்கும் அவர்தான் வழிகாட்டி. இளம் வயதில் இந்தப் பச்சைக் கல்லைக் கொண்டுவந்து, மலாக்கைட் என்று சீட்டு ஒட்டி, கண்ணாடி அலமாரியில் கார்பனேட் தட்டில் வைத்ததும் அவரே.

அவள் ஆய்வேடோ இது ஆர்சனிக் கலந்த, அபூர்வமான ஆர்சனேட் என்கிறது. தட்டு மாற வேண்டும். சீட்டு மாற வேண்டும். அவர் கையெழுத்துப் போட வேண்டும்.

"மலாக்கைட்னு மாத்தி எழுதிட்டு வா. போட்டுத் தர்றேன்."

போன மாதமும் இதையேதான் சொன்னார்.

முதலாமாண்டுப் பிள்ளைகள் செய்முறை வகுப்புக்கு வந்து நின்றார்கள். அவர் கல்லை எடுத்து, அமிலம் படாத பக்கத்தைத் திருப்பினார். நாக்கால் நனைத்தால் கல்லின் அசல் நிறம் தெரியும். இந்தப் படிப்பில் எல்லோருக்கும் தொற்றிக்கொள்கிற பழக்கம். அவளுக்கும் உண்டு.

"வேண்டாம் சார். அதுல ஆர்சனிக் இருக்கு, விஷம்."

"நீ பொறக்குறதுக்கு முன்னாடியே கல்ல நக்குனவன்மா நான்."

பிள்ளைகள் சிரித்தார்கள்.

நக்கினார். பச்சை பளிச்சென்று எழுந்தது.

அந்தச் சிரிப்பு அவளுக்குப் பழசு.

அம்மா வடுகபட்டி மண்டியில் பூண்டு உரிக்கிறாள். லீவு முழுக்க அவளும் உட்கார்ந்து உரிப்பாள். திரும்பி வரும்போது எந்தச் சோப்புக்கும் அந்த வாசம் மசியாது. முதல் வருடம், முதல் வகுப்பில், இதே அறையில் அவர் சொன்னார்: "ஜன்னலத் திறங்கப்பா. பூண்டு மூட்டை வந்திருச்சு."

அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. அதையும் அவர்தான் ஒட்டினார்.

கல்லிலிருந்து உதிர்ந்த துணுக்கைக் கரித்துண்டின் குழியில் வைத்தாள். புகைபோக்கி விசிறியைப் போட்டாள். பர்னரைப் பற்றவைத்து, ஊதுகுழலால் சுடரை அதன் மேல் திருப்பினாள்.

ஊதினாள். உள்ளே இருந்த அத்தனையையும் சேர்த்து ஊதினாள்.

துணுக்கு சிவந்தது. உருகியது. மெல்லிசாய் ஒரு வெள்ளைப் புகை.

புகைபோக்கி பாதியைத்தான் இழுத்தது. மீதி அறைக்குள் பரவியது.

கோதண்டபாணி மூக்கைச் சுளித்தார். பழக்கம் விடவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "என்னம்மா, ஊருக்குப் போயிட்டு வந்தியா? பூண்டு வாசம் தூக்குது."

பின்வரிசையில் யாரோ கிளுக்கென்றார்கள்.

அவள் ஊதுகுழலைக் கீழே வைத்தாள்.

"நான் இல்ல சார். கல்லு. ஆர்சனிக்கச் சுட்டா இப்படித்தான் மணக்கும்."

யாரும் சிரிக்கவில்லை.

அவர் கை மெதுவாக உதட்டுக்குப் போனது. அங்கேயே நின்றது.

வேறெங்கோ பார்த்தபடி கேட்டார்.

"தண்ணி இருக்காம்மா?"

பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினாள்.

கூடவே ஒரு வெற்றுச் சீட்டையும், பேனாவையும்.