ராக்கெட்டின் க்ளைமாக்ஸ்

"அவர் குடிச்சிட்டு ஓட்டினதா எழுதிடுங்கண்ணா" என்றாள் ராக்கெட்டின் மனைவி.

கதாசிரியனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ராக்கெட் என்று எல்லோரும் கூப்பிட்ட, செத்துப்போன நண்பனின் நினைவாக அவன் ஒரு திரைக்கதை எழுதியிருந்தான். அதில் வரும் ராக்கெட், நிஜ ராக்கெட்டைப் போலவே, ஆழம் தெரியாத கல்குவாரித் தண்ணீரில் தலைகீழாகக் குதிப்பான். பந்தயம் கட்டி மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் சைக்கிள் விடுவான். கியர் மாட்டிக்கொண்ட காரை ஆபீசிலிருந்து வீடு வரைக்கும் ரிவர்ஸிலேயே ஓட்டி வருவான். ஆனால் ஒரு சொட்டு குடித்தவன் இல்லை. அவன் செய்யாமல் விட்ட ஒரே தப்பு அதுதான். அதையும் கட்டின மனைவியே சேர்த்துக் கொடுக்கிறாளே?

சிக்கல் கடைசிக் காட்சியில். தயாரிப்பாளர் முழுக் கதையையும் கேட்டு, விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, க்ளைமாக்ஸ் இடிக்கிறது என்று சொல்லிவிட்டார்.

"படம் பூரா எமனுக்கே டிமிக்கி குடுத்தவன், காலியான நேர் ரோட்டுல, பெத்த அப்பாவைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு மரத்துல மோதிச் சாவானா? யாருய்யா நம்புவாங்க? ஒரு காரணம் சொல்லு, படம் பண்ணலாம்."

நிஜத்தில் அப்படித்தான் நடந்தது என்று சொல்லிப் பார்த்தான். நிஜத்தையெல்லாம் வீட்டோடு வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

அந்தக் காரணத்தைத் தேடித்தான் இங்கே வந்திருந்தான். விபத்தில் பிழைத்தவர் ராக்கெட்டின் அப்பா ஒருவர்தான். தலையில் பட்ட அடியில் அவருக்கு அன்றைய நாளே மறந்துபோய்விட்டது. மனைவிக்காவது ஏதாவது தெரிந்திருக்கும் என்று பார்த்தால், இவள் இப்படி.

உள் அறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"அப்படியே எழுது தம்பி. பொறுப்பில்லாத பய. பெத்தவன் பக்கத்துல உட்கார்ந்திருக்கானேங்கிற நினைப்பு வேணாம்? என் காலை முறிச்சுட்டு அவன் பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துட்டான்."

தினமும் இதே கச்சேரிதான் போலிருக்கிறது. அவள் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. மாத்திரையும் தண்ணீரும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

கதாசிரியனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த வீட்டில் செத்தவனுக்காகப் பரிந்து பேச ஒரு நாதி இல்லையா? பிரேக் பிடிக்கவில்லை என்றுதான் எழுதப்போவதாகச் சொன்னான். நசுங்கிய காரை வாங்கிப்போன மெக்கானிக்கிடமும் விசாரிக்கப்போவதாகச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினான்.

அவள் பின்னாலேயே வந்து, வாசல் கதவைச் சாத்திவிட்டுப் படிக்கட்டில் நின்றாள்.

"விசாரிக்காதீங்கண்ணா. குடின்னு எழுதிட்டா யாரும் மேல தோண்ட மாட்டாங்க. அன்னிக்கு வண்டி ஓட்டினது அவர் இல்ல, மாமா."

எல்லாரும் ராக்கெட்தான் ஓட்டினான் என்கிறார்களே என்றான் அவன்.

வெளியே இழுத்துப் போட்டவர்கள் அவசரத்தில் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று கவனிக்கவில்லையாம். அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ராக்கெட்டுக்கு நினைவு இருந்ததாம். கிட்டே கூப்பிட்டு அதைத்தான் சொன்னானாம்.

"'அப்பா கேட்டா நான்தான் ஓட்டினேன்னு சொல்லு. என் பேரைச் சொன்னா எல்லாரும் உடனே நம்பிடுவாங்க'ன்னார். சிரிச்சுக்கிட்டே சொன்னாருண்ணா." அவளால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. அழுதுவிட்டுச் சொன்னாள்: "பிள்ளையைக் கொன்னது நாமதான்னு தெரிஞ்சா மாமா உயிரோட இருக்க மாட்டார். திட்டட்டும். திட்டிக்கிட்டாவது இருக்கட்டும்."

தெருவில் இறங்கியவனுக்கு எந்தப் பக்கம் போவதென்றே தெரியவில்லை. இதைவிட நல்ல க்ளைமாக்ஸ் இந்த ஜென்மத்தில் கிடைக்காது. அதை எழுதவும் முடியாது. நண்பனின் பெருமையைச் சொல்லக் கிளம்பியவன், அவன் செய்த ஒரே பெரிய காரியத்தை மறைத்து, அவனைக் குடிகாரனும் ஆக்க வேண்டும். இதற்குப் பெயர் அஞ்சலியா? மண்டை குழம்பியது. ஒரு வாரம் எழுதுவதும் அடிப்பதுமாக இருந்துவிட்டு, கடைசியில் அவள் கேட்டபடியே எழுதினான்.

யாருடைய குடும்பத்துக் கதையோ அந்தக் குடும்பத்துக்கு முழுக்கச் சொல்லிக்காட்டிய பிறகுதான் படப்பிடிப்பு என்பது தயாரிப்பாளரின் கண்டிப்பு. ஞாயிற்றுக்கிழமை போனான். அவள் கடைக்குப் போயிருந்தாள். அப்பா மட்டும்தான் இருந்தார்.

பாட்டில், தள்ளாட்டம், கண்மண் தெரியாத வேகம், மரம் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு, வழக்கமான திட்டுக்காகக் காத்திருந்தான்.

திட்டு வரவில்லை. அப்பா வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"குடி வேணாம் தம்பி. வேகம்னு எழுதிக்கோ, அதை அவன் தாங்கிப்பான். அன்னிக்கு அவன் 'மெதுவாப் போங்கப்பா, மெதுவாப் போங்கப்பா'ன்னு சொல்லிக்கிட்டே வந்தான். எனக்கு ரோஷம். போயும் போயும் நீ எனக்குச் சொல்றியான்னு இன்னும் மிதிச்சேன்."

அன்றைய நாள் ஞாபகம் இருக்கிறதா என்று கதாசிரியன் கேட்டான்.

"கொஞ்ச நாளாவே இருக்கு. ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்லதான் கிடந்தேன். அவன் அவகிட்ட சொன்னதும் ஞாபகம் வந்துடுச்சு."

"அப்புறம் ஏன் தினமும் அவனைத் திட்டறீங்க?"

"நிறுத்தினா எனக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சுன்னு மருமக கண்டுபிடிச்சுடுவா. புருஷன் கடைசியா கேட்ட ஒண்ணைக்கூடக் காப்பாத்த முடியலையேன்னு அவ உடைஞ்சு போயிடுவா, தம்பி."