செவ்வாய்க்கிழமை வைத்தியம்

"அண்ணாச்சி, தப்பா எடுத்துக்காத. அக்காவுக்கு உடம்புக்கு இன்னா?"

ஆட்டோ பாஸ்கர் இப்படிக் கேட்டதும், கயிற்றை அளந்துகொண்டிருந்த ஞானதுரையின் கை அப்படியே நின்றது.

"எந்த அக்காவுக்கு?"

"நம்ம ஜெயக்கொடி அக்காதான். செவ்வாக்கெயமன்னா திருவொத்தியூர்ல அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க்கினு கீது. இப்பகூட நான்தான் வுட்டுட்டு வர்றேன். உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

ஞானதுரைக்குத் தெரியாது. சாத்தாங்காடு இரும்புச் சந்தைக்கு நங்கூரச் சங்கிலி விலை விசாரிக்கப் போகிறேன் என்றுதான் அவர் மனைவி சொல்லிவிட்டுப் போவாள். ராயபுரத்தில் படகுச் சாமான் மொத்த வியாபாரம். பேருக்குத்தான் அவர் முதலாளி; கடையை நடத்துவதெல்லாம் ஜெயக்கொடி.

ஷட்டரை இழுத்துவிட்டு, அதே ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார்.

வழி நெடுகக் கன்டெய்னர் லாரிகள். ஆட்டோ ஊர்ந்தது, அவர் மனசுதான் ஓடியது.

முன்பெல்லாம் ஜெயக்கொடிக்கு ஒரு காதில் ஒரு போன், கையில் இன்னொரு போன். சாப்பிடும்போதும் வீடியோ. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவாள். படுத்தால் தூக்கம் வராமல் புரளுவாள்.

கொஞ்ச மாதங்களாக ஆளே மாறிப்போயிருந்தாள். வாடிக்கையாளர்களிடம் சிரித்துப் பேசினாள். படுத்ததும் தூங்கினாள். மீன்பிடித் தடைக்காலத்தில் படகைப் பழுது பார்ப்பவர்களுக்குக் கயிறு, பெயின்ட், ஆணி எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை சொன்னாள். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. வருஷக்கணக்காகப் பேசாதிருந்த தங்கைக்குத் தானே போன் போட்டு, "அன்னைக்கு நான் பேசினது தப்புதான்" என்றாள்.

ஆண்டவர் கண் திறந்துவிட்டார் என்று சந்தோஷப்பட்டிருந்தார் ஞானதுரை. இப்போதல்லவா புரிகிறது! நாள் நெருங்கிவிட்டது என்று தெரிந்தவர்கள்தான் இப்படி எல்லாரிடமும் சமாதானம் ஆவார்கள்.

"இன்னா அண்ணாச்சி, அழுவுற?"

"நீ ஓட்டுப்பா."

ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு தளமாகத் தேடிக்கொண்டே போனவர், மாடியில் 'மூளை நரம்பியல் பிரிவு' என்ற பலகையை இரண்டு முறை படித்தார். அதற்குக் கீழே, கடைசி வரிசை நாற்காலியில் ஜெயக்கொடி. கையில் போன் இல்லை. எதிரே இருந்த வெற்றுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க எப்படி இங்க வந்தீக?" திடுக்கிட்டாள் அவள்.

"எவ்வளவு நாளா எங்கிட்ட மறைச்ச, ஜெயா?"

"மூணு மாசமா. சொன்னா உங்களுக்குப் புரியாதுன்னுதான் சொல்லல."

"ரொம்பக் கஷ்டமா இருக்கா?"

"மொதல்ல கஷ்டமாத்தான் இருக்கும். போரடிக்கும் பாருங்க, அப்படிப் போரடிக்கும்! கை போனைத் தேடும். எந்திரிச்சு ஓடிரலாமான்னு இருக்கும். பல்லைக் கடிச்சிக்கிட்டு உக்காந்துட்டா, தலைக்குள்ள கெடந்து கத்துதுல்லா, அந்த இரைச்சல் மெள்ள மெள்ள அடங்கும். பொறவு மனசு தன்னால எங்கியாவது கெளம்பிப் போகும். என் தங்கச்சி மொகம் அப்படித்தான் வந்துச்சு. அந்த மூட்டை யோசனைகூட இந்த நாற்காலியிலதான் வந்துச்சு."

தலைக்குள் இரைச்சலாம். முகமெல்லாம் தெரிகிறதாம்!

"மருந்து எதுவும் குடுக்கலியா?"

"மருந்தெல்லாம் எதுக்கு? இப்படி வந்து உக்காந்தாப் போதும். நல்லாத்தானே இருக்கேன், பாக்கலியா?"

மருந்தே இல்லாத வியாதி! அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. எழுந்து கவுன்ட்டருக்கு ஓடினார்.

"ஏம்மா, ஜெயக்கொடி... எம் பொண்டாட்டிதான். அவளுக்கு என்னன்னு எங்கிட்ட உண்மையைச் சொல்லிரும்மா. எந்த ஊரு டாக்டர்ட்ட வேணும்னாலும் கூட்டிட்டுப் போறேன்!"

கூடமே திரும்பிப் பார்த்தது. கவுன்ட்டரில் இருந்த பெண் பதறிப்போய்க் கணினியில் தேடினாள். மறுபடியும் தேடினாள்.

"சார், அந்தப் பேர்ல இங்க பேஷன்ட்டே இல்லியே. எந்த டாக்டர்கிட்டயும் அவங்க பதிவு பண்ணலை."

அதற்குள் பின்னாலேயே ஓடிவந்த ஜெயக்கொடி, கணவரின் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போய்க் கிசுகிசுத்தாள்:

"சத்தம் போடாதீக, எனக்கு ஒரு வியாதியும் கெடையாது! ஒரு பொம்பள சும்மா போரடிச்சு உக்காந்திருந்தா, 'ஏன் உக்காந்திருக்க'ன்னு யாருமே கேக்காத எடம் இந்த ஊர்ல இது ஒண்ணுதான், அதையும் கெடுத்துராதீக."