காலைப் பிடித்து இழுத்தவள்

"காலைப் பிடிச்சு இழுத்துட்டா சார்! ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை! தண்ணியக் குடிச்சுச் செத்திருப்பேன்!"

கண்மாயிலிருந்து கரையேறியதும் உமா போட்ட கூச்சல் மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

நடுவர் சரவணக்குமார் குடையோடு ஓடி வந்தார். "யாருங்க இழுத்தது?"

"வேற யாரு, பிளெஸ்ஸிதான்!"

கந்தர்வக்கோட்டைப் பக்கம் அந்த ஊர்க் கண்மாயில் நீச்சல், முந்திரிக்காட்டுக்குள் சைக்கிள், அப்புறம் செம்மண் பாதையில் ஓட்டம். மூன்றையும் முதலில் முடிப்பவளுக்குத் தேசியப் போட்டிக்குப் போக இடம் உண்டு. ஒரே ஒரு இடம்தான்.

போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் அந்த இடத்தைத் தட்டிக்கொண்டு போனவள் உள்ளூர்க்காரியான பிளெஸ்ஸி. இரண்டு தடவையும் பக்கத்தில் நின்று கை தட்டியவள் உமா. இந்தத் தடவை விடுவதில்லை என்று சென்னை வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். ராத்திரியெல்லாம் கொட்டிய மழைகூட அவளை அசைக்கவில்லை.

எதிர்க்கரையிலிருந்து நீந்தி வந்து, தண்ணீருக்குள் நிற்கும் இரட்டைக் கல்தூணில் கட்டிய ஆரஞ்சு பலூனைச் சுற்றிக்கொண்டு கரையேற வேண்டும். பலூனை நெருங்கும்போது உமாதான் முதலில் இருந்தாள். அப்போதுதான் பின்னாலிருந்து காலில் அந்தப் பிடி விழுந்தது.

"என்னமோ கத்துனா சார். மழையில ஒண்ணும் கேக்கலை. அவ இழுத்த இழுப்புல எங்கிட்டோ தள்ளிப் போயி, பெரிய வட்டமாச் சுத்தி வந்தேன்."

உமாவும் சும்மா விடவில்லை. ஓங்கி ஓர் உதை விட்டிருந்தாள். குதிகால் மெத்தென்று எதிலோ பட்டது. முகமாகத்தான் இருக்க வேண்டும். அதை மட்டும் நடுவரிடம் சொல்ல மறந்துவிட்டாள்.

அதற்குள் பின்னால் வந்த பெண்கள் ஒவ்வொருவராகக் கரையேறினார்கள். ஒருத்திகூடப் பலூனைச் சுற்றவில்லை.

"பிளெஸ்ஸி அக்கா குறுக்க வந்து மறிச்சிட்டாங்க சார். அடிக்காத குறையா எங்களை இங்கிட்டு வெரட்டி விட்டாங்க" என்றாள் ஒருத்தி, மூச்சு வாங்கியபடி.

"பாத்தீங்களா!" உமா குதித்தாள். "எல்லாரையும் வெரட்டிட்டு அவ ஒருத்தி ஜெயிக்கணும். என்ன நெஞ்சழுத்தம்! மைக்குல சொல்லுங்க சார். சொன்னாத்தான் நான் சைக்கிளத் தொடுவேன்."

நடுவர் மைக்கைப் பிடித்தார். பிளெஸ்ஸி போட்டியிலிருந்து நீக்கப்படுவதாக ஊருக்கே கேட்கும்படி அறிவித்தார்.

"பார்த்தா சாதுவா இருக்கும் அந்தப் புள்ள. மனசுல இம்புட்டு வஞ்சகமா?" குடைக்குள்ளிருந்து ஓர் அம்மாள் அங்கலாய்த்தார்.

உமாவுக்கு வயிறு குளிர்ந்தது. சைக்கிளை எடுத்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கரை மேலே ஒருவர் தலைதெறிக்க ஓடி வந்தார். கண்மாய்த் தண்ணீரில் விவசாயம் பார்க்கும் மலையாண்டி.

"யோவ், குமிழித் தூண்ல பலூனக் கட்டுனது யாருய்யா?"

"நான்தாங்க. நேத்து கட்டினேன்" என்றார் நடுவர். "காத்துக்கு நகராம நிக்கும்னு…"

"கெடுத்தீங்க! ராத்திரி பேஞ்ச மழைக்குக் கரை தாங்காதுன்னு விடியக்காலையில மடையத் தெறந்து விட்டிருக்கோம். அந்தத் தூணுக்கு அடியிலதான்யா தண்ணி வெளியேறுற மடைக்கண்ணு! சுழியப் பாத்தா உள்ளூர் ஆளுக்குத் தெரியும்; பக்கத்துல போற ஆள அப்படியே உள்ள இழுத்துரும். அங்கிட்டு வாய்க்கால்ல பொணமாத்தான் வெளிய வரும்!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தூண் இருந்தது. பலூனைக் காணவில்லை.

கரைக்கு அந்தப் பக்கம், நுரை கக்கிக்கொண்டு ஓடிய வாய்க்காலில், ஆரஞ்சு நிறத்தில் கிழிந்த துண்டுகள் மிதந்து போய்க்கொண்டிருந்தன.

உமாவின் கையிலிருந்து சைக்கிள் நழுவி விழுந்தது. அந்த முதல் இழுப்பையே உதறிவிட்டுத் தூணை நோக்கிப் பாய்ந்தவள் அவள். இரண்டாவது தடவையும் அந்தக் கை பிடித்திருக்காவிட்டால்?

"பிளெஸ்ஸி…" நடுவரைப் பிடித்து உலுக்கினாள். "சார், பிளெஸ்ஸி எங்க? கரையேறுனாளா?"

நடுவர் மைக்கைப் போட்டுவிட்டுத் தண்ணீர் ஓரத்துக்கு ஓடினார்.

"படகு! படகை அனுப்புங்கப்பா!" என்று கத்தினார். காவலுக்கு விட்டிருந்த படகு மழைக்குப் பயந்து எதிர்க்கரையில் ஒதுங்கிக் கிடந்தது. அது அலறியடித்துக்கொண்டு கிளம்பியது.

மழைத்திரைக்குள் தூணுக்குக் கொஞ்சம் தள்ளி பிளெஸ்ஸியின் சிவப்புத் தொப்பி தெரிந்தது. உடனே மறைந்தது. கரையில் பெண்கள் வீறிட்டார்கள். மறுபடியும் தெரிந்தது. மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடியும் உள்ளே போனாள்.

"ஏன் இப்படி முங்குறா? வெளிய வரச் சொல்லுங்க சார்!" உமா கதறினாள்.

படகில் போனவர்கள் அவளைப் பிடித்துத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். படித்துறையில் இறக்கியதும் அவர்கள் கையை உதறிவிட்டு மறுபடி தண்ணீருக்குள் பாயப் பார்த்தாள் பிளெஸ்ஸி. உதடு கிழிந்து தாடையெல்லாம் ரத்தம்.

"விடுங்கண்ணே! இன்னும் ஒரு ஆளு உள்ள மாட்டியிருக்கு! விடுங்க!"

"யாரும் இல்லம்மா. எல்லாரும் வந்தாச்சு" என்றார் நடுவர், அவள் முகத்தைப் பார்க்க முடியாமல்.

பிளெஸ்ஸி சுற்றும் முற்றும் பார்த்தாள். படியோரம் நின்ற உமா கண்ணில் பட்டதும் அப்படியே படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"அக்கா… கரையிலயா இருக்கீங்க? ஒதைச்சுட்டுப் போனவுகளக் காணமேன்னு, ஒங்களத்தாங்க்கா இம்புட்டு நேரமும் தண்ணிக்குள்ள தேடிக்கிட்டு இருந்தேன்!"